ஒழுகாத தொட்டி

மீன் செத்தா கடவுளைத் திட்டுவாங்க, கண்ணாடி உடைஞ்சா புள்ளைங்களைத் திட்டுவாங்க, தொட்டி ஒழுகினா மட்டும் நேரா எனக்குத்தான் போன் அடிப்பாங்க. உழவர்கரையில சின்னதா வளர்ப்பு மீன் கடை வெச்சிருக்கேன். பழைய தொட்டியைப் பிரிச்சு ஒட்டறதுதான் எனக்குச் சோறு போடுது. ஆசையா தொட்டி வாங்கிட்டு, தரையைத் துடைச்சுத் துடைச்சு நொந்துபோன மகராசங்களே, இது உங்களுக்காகத்தான்.

முசியே வந்தார்

குருசுக்குப்பத்துல சேகர்னு ஒருத்தர். யாரோ வூடு காலி பண்றாங்கன்னு அஞ்சடி தொட்டியை உள்ள இருந்த மீனோட வாங்கிட்டு வந்துட்டார். ஒரு சாணுக்கு மேல நீளமான ஆஸ்கர் மீன். தீனி லேட்டானா கண்ணாடியை முட்டும், ஆளைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கும். வெள்ளைக்காரத் துரை கணக்கா அந்த மிதப்பைப் பார்த்து, பிரெஞ்சுக்காரங்க 'ஐயா'ங்கறாப்ல 'முசியே'ன்னு பேரு வெச்சுட்டாங்க.

வந்த மறுநாளே நாலு மூலையிலயும் தண்ணி. மனுஷன் சும்மா இருந்தாரா? ஒரு ட்யூப் சிலிக்கான் பசை வாங்கி, பழைய ஒட்டு மேலயே அப்பிட்டார். பழசு மேல புதுசு ஒட்டவே ஒட்டாதுங்க, தயவுசெஞ்சு அந்த வேலை பண்ணாதீங்க. மொத்தத்தையும் பிரிச்சு, பழசைச் சுரண்டி, புதுசா ஒட்டி, ஒரு வாரம் காயவெக்கணும்னேன். அவர் சம்சாரம் மாலாவுக்கு வந்ததே கோவம்: "ஒரு வாரமா! அதுவரைக்கும் முசியேவை என் மடியிலயா வெச்சுக்கறது?"

பாத்ரூமுக்குப் பூட்டு

முசியே பாத்ரூம் சிமெண்ட் தொட்டிக்குக் குடி போனார். சோப்புத் தண்ணி கொஞ்சம் தெறிச்சாலும் ஆள் காலி, அதனால யாரும் அங்க குளிக்கக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டேன். அப்ப எங்க குளிக்கறது? பக்கத்துப் போர்ஷன் சேகரோட அண்ணன் குமார் வூடுதான். நடுவுல ஒரே செவுரு. ஆனா மாடிப்படி யாருக்குங்கற சண்டையில ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. பொங்கல் வந்தாலும் கதவைச் சாத்திக்குவாங்களாம்.

"செத்தாலும் அங்க போவமாட்டேன்"னா மாலா. மறுநாள் பழைய ஒட்டைச் சுரண்ட நான் பிளேடோட போறேன், ஈரத்தலையும் வாளியுமா அடுத்த வாசல்லேர்ந்து வர்றா. அவளாவே சொன்னா: "குளிக்கத்தான்க்கா போனேன், பேசல. சீயக்கா கண்ணுல பட்டுடுச்சான்னு எங்க ஓரகத்திதான் கேட்டாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அஞ்சடி கண்ணாடியை நிமிர்த்தி ஒட்டறப்ப ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்கணும். நான் டேப் போட்டு முடிக்கற வரைக்கும் கை அசையக் கூடாது. சேகர் ஒருத்தரால முடியல, கண்ணாடி சாயுது. "யாராச்சும் வாங்களேன்!"னு கத்தினேன். சிலிக்கான் வாசனை, அதான் அந்த வினிகர் நெடி, எங்கேர்ந்து வருதுன்னு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்த குமார் ஓடிவந்து மறுபக்கம் பிடிச்சுட்டார்.

அண்ணன் அந்தாண்ட, தம்பி இந்தாண்ட, நடுவுல கண்ணாடி. விடவும் முடியாது, மூஞ்சியைத் திருப்பிக்கவும் முடியாது. எனக்கோ சிரிப்பு ஒரு பக்கம், பாவமா ஒரு பக்கம். கொஞ்சம் மெதுவாத்தான் டேப் ஒட்டினேன்னு வெச்சுக்குங்களேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு அண்ணன் சொன்னார்: "என்னடா, எனக்கு முன்னாடி உனக்கு மண்டை வழுக்கையாயிடுச்சு?"

காஞ்ச பேப்பர்

ஒரு வாரம் காஞ்சதும் தண்ணி ரொப்பி, அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு வெச்சேன். கசிஞ்சா பேப்பர் காட்டிக்கொடுத்துடும். மறுநாள் பார்க்கப் போனா, வாசல்லயே குமார் என்னை மடக்கினார். கண்ணு கலங்கியிருந்துச்சு.

"ஒழுகுதுன்னு சொல்லிடும்மா. என் வூட்டுல இப்பத்தான் நாலு பேர் பேசற சத்தம் கேக்குது. மீன் பாத்ரூமை விட்டு வெளிய வந்துட்டா, இவங்க மறுபடியும் கதவைச் சாத்திக்குவாங்களோன்னு பயமா இருக்கு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் கை பட்ட தொட்டி ஒழுகுதுன்னு நானே சொல்றதா? என் பேரு என்ன ஆவறது? விடுவிடுன்னு உள்ள போனேன். பேப்பர் அப்பளமா காஞ்சு கெடக்குது. பக்கத்துல சேகர், மீனை மாத்த ரெடியா வாளியோட நிக்கறார். ஆனா மூஞ்சியில சந்தோஷமே இல்ல. நேத்துதான் அண்ணன் வூட்டுல கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாராம். அதைப் பார்த்ததும் என் கோவம் போன இடம் தெரியல.

"இந்த மூலையில லேசா கசியறாப்ல இருக்கு. இன்னும் ஒரு வாரம் காயட்டும்"னு சொல்லிட்டேன்.

மாலா குனிஞ்சா. பேப்பரைத் தொட்டா. மொடமொடன்னு சத்தம் கேட்டுச்சு. என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துட்டுச் சொன்னா: "ஆமாங்க்கா, நல்லாவே ஈரமா இருக்கு. அவசரப்படாதீங்க, பத்து நாளாச்சும் காயட்டும்."

ஒழுகற தொட்டி எத்தனையோ நிறுத்தியிருக்கேன். ஆனா என் தொழில்லயே எனக்கு ரொம்பத் திருப்தியா அமைஞ்சது, சொட்டுகூட ஒழுகாத தொட்டியில நான் கண்டுபிடிச்ச அந்த ஒரு கசிவுதாங்க.