பம்பரத்தின் ஓட்ஸ் பால்

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்பரம் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். முகத்தில் நாலு சொட்டுத் தெறிக்கும். சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி மூடுவார், மறுபடி தூக்குவார். நடுவில் ஒரு நடை முன்னறைக்குப் போய், தையல் மிஷினில் பாதியில் நிற்கும் ஜன்னல் திரையை நீவிவிட்டு வருவார்.

ஜன்னல் திரை தைப்பதுதான் பிழைப்பு. ஆனால் ஒரு திரையைத் தைத்து முடிப்பதற்குள் நூலுக்கு ஒரு தரம், கத்தரிக்கு ஒரு தரம், காரணமே இல்லாமல் ஒரு தரம் எழுந்திருப்பார். அவருடைய தாய்வழியில் எல்லாருமே அப்படித்தான். பெரிய மாமா தன் கல்யாணத்தன்றே வந்தவர்களுக்கு நாற்காலி போட எழுந்து போனவர். சின்ன சித்தி பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியில், பக்கத்துப் படுக்கைகளின் விரிப்பையெல்லாம் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தவள். "அவங்களுக்காவது கால்ல சக்கரம். இவருக்கு மோட்டாரே இருக்கு" என்பார் மனைவி. அந்த அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை. ஞாயிறு தவிர, விடிந்ததும் கிளம்பிவிடுவார்.

மகள் வயிற்றுப் பேத்திக்கு நாலு வயது. பால் குடித்தால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். டாக்டர் பாலை நிறுத்தினார், பாதாம் முந்திரியையும் சேர்த்து நிறுத்தினார். காலையில் ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் அதற்குப் பொழுது விடியும். இல்லாவிட்டால் மத்தியானம்வரை ஒரு வாய் சோறு இறங்காது. மகளுக்கோ திங்கட்கிழமை முதல் புது வேலை.

"இங்க குடிச்சா விட்டுட்டுப் போறேம்ப்பா. இல்லேன்னா வெளியூர்ல, பக்கத்துல உக்காந்து ஊட்ட ஆள் இருக்கற நாத்தனார் வீட்டுலதான் விடணும். அப்புறம் நானே என் பிள்ளைய வாரத்துக்கு ஒரு தரம்தான் பாக்கணும்."

"குடிப்பாடி. நான் எதுக்கு இருக்கேன்?"

சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மகள் குழந்தையைக் கூட்டிவரும்போதெல்லாம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். கடையில் டப்பாவில் விற்கும் மாற்றுப் பாலைக் குழந்தை முகர்ந்து பார்த்ததோடு சரி. தேங்காய்ப் பாலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோயாப் பாலைத் துப்பியது. கடைசியில் ஓட்ஸ். ஒரு வாய் குடித்துவிட்டு, "சளி மாதிரி இருக்கு தாத்தா" என்றது.

அரைத்தது போதவில்லை என்று நினைத்தார் பம்பரம். மறுநாள் மிக்ஸி சூடேறிக் கத்தும்வரை அரைத்தார். மெல்லிய திரைத்துணியில் ஊற்றி, நனைந்த திரையை முறுக்குவதுபோல் முறுக்கினார். இன்னும் கொழகொழத்தது.

"பிழியப் பிழியத்தானே சத்து இறங்கும்?"

"சத்தா? போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இருக்கு. செவுத்துல தடவிப் பாருங்க, நல்லா நிக்கும்" என்றார் மனைவி.

சனிக்கிழமை, மிக்ஸியைப் போட்டவுடனே வாசலில் ஒருவர் வந்து ஜன்னல் அளக்கக் கூப்பிட்டார். அரையும் குறையுமாக நின்றதை அப்படியே துணியில் ஊற்றி, குழாயில் கட்டித் தொங்கவிட்டு, கீழே பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்து விரலை விட்டுப் பார்த்தால், நூல் இழுக்காமல் தண்ணீராய்ச் சொட்டுகிறது. பாலேதான். சந்தோஷத்தில் துணியை எட்டிப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். கொழகொழவென்று ஒரு கட்டி இறங்கி, பாத்திரத்தில் இருந்ததையும் கெடுத்தது.

"அடப்பாவி" என்றார், தன் கையைப் பார்த்து.

ஞாயிறு காலை மகள் வந்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பெட்டி. அரைகுறையாக அரைத்து ஊற்றிய துணி குழாயில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. பம்பரம் குட்டி போட்ட பூனைபோல் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். கை துணிவரைக்கும் போகும், திரும்பிவிடும்.

"குழந்தையக் கூட்டிட்டு எப்ப வர்றேன்னு ஊர்லேர்ந்து நாத்தனார் அண்ணி போன் மேல போன் போடறாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா. கொஞ்சம் பிழிஞ்சுதான் குடுத்துடேன்."

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா? உங்கப்பாவே பொறுத்துக்கிட்டு நிக்கறாரு. இந்த அதிசயத்த உங்கண்ணிக்குப் போன்ல சொல்லு" என்றார் அம்மா.

ஒரு டம்ளர் சேர்ந்தது. குழந்தை முகர்ந்தது. விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தது. பிறகு குடித்தது, மூச்சு விடாமல், அடிவரைக்கும்.

மகளின் போன் மறுபடி அடித்தது. "இல்ல அண்ணி... இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சுவரோரம் தள்ளினாள்.

குழந்தை காலி டம்ளரை நீட்டியது. பாத்திரத்தில் நாலு சொட்டுதான் இருந்தது.

"இன்னும் வேணும். பிழி தாத்தா."

பம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். வலது கால் மட்டும், மிஷினே இல்லாத இடத்தில், வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது.