ஆடிக் கிருத்திகையன்று இடம் மாறிய சைக்கிள்

அப்போது நான் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி அரக்கோணத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சைக்கிளை ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பூட்டிவிட்டுப் போவேன். என் மாமனார் எருமையை விற்று வாங்கித் தந்த சைக்கிள் அது. நல்ல மனுஷன், பேச்சுதான் கொஞ்சம் அதிகம். ஆடிக் கிருத்திகையன்று சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், ரயில்வே ஊழியர்களுக்கு மட்டுமான கொட்டகையில் அதைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அபராதம் கட்டு என்றார்கள். நான் நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நின்றேன்.

“நான் அங்க வுடவேயில்லீங்க. மரத்தாண்டதான் பூட்டினேன்.”

“பூட்டின சைக்கிள் தானா நடந்து வந்துச்சா?”

“யாரோ தூக்கினு போய் வச்சிருக்காங்க. அவங்களைக் கேளுங்க சார்.”

“நம்ம ஆளு எவனாவது வச்சிருந்தா, இன்னையோட அவனுக்கு இங்க வேலை கிடையாது” என்றார்.

வாசலில் நின்றிருந்த தினக்கூலி போர்ட்டர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். “சார், காவடிக் கூட்டம் சைக்கிளை மிதிச்சிடும்னு…” என்று ஆரம்பித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. “நான்தான் சார் வுட்டேன். பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் என் பெயருக்கு அபராத ரசீது எழுதினார்.

போர்ட்டர் என் பின்னாலேயே வெளியே வந்தார். “ஏங்க நீங்க கட்டினீங்க?”

“அத்தினி சைக்கிள் இருக்க, என்னுத ஏம்பா தூக்கின?”

“தினம் பாத்துக்கினு இருக்கேனே. மாட்டைத் தட்டற மாதிரி சீட்டைத் தட்டிக்குடுத்துட்டுதான் நீங்க ரயிலேறப் போவீங்க.”

அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வருஷக் கணக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகத்தை, நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.