விதானையார் போட்ட குளிசை

என் மனுசன் கோபக்காரர் என்று சொன்னால் அது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். ஊரில் கோபக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் காரணம் கிடைத்தால் கோபப்படுவார்கள். இவர் காலையில் எழும்பும்போதே கோபத்தோடு எழும்பி, காரணத்தைப் பிறகு தேடிக்கொள்வார். தேத்தண்ணீரில் சீனி, செருப்பின் வார், பக்கத்து வீட்டு ஆடு, ஏதாவது ஒன்று அகப்படும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். ஆகவே என் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டில் இருந்துகொண்டுதான் அவர் எனக்குச் சத்தம் போட்டார். இதை நான் ஒரு தடவை எடுத்துச் சொன்னேன். அதற்கும் சத்தம் போட்டார்.

ஆனால் அந்தச் சத்தத்துக்கு வெளியில் மதிப்பு இருந்தது. அவர் வட்டை விதானை. கல்முனைக்கு மேற்கே, ஒரு வாய்க்காலை நம்பிக் கிடந்த வட்டைக்கு, அந்த வயல்வெளி முழுவதற்கும் தண்ணீரை முறைவைத்துப் பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. பெரும்போகத்தில் மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகத்தில் குளத்தில் திறந்துவிடுவதுதான் தண்ணீர். வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவர்கள் வரம்பில் தண்ணீர் பாயும் வக்கடையை நாலு வெட்டு அகலமாக வெட்டிவிட்டால், கடைசியில் இருப்பவனுக்கு ஈரம்கூடப் போய்ச் சேராது. அதற்குச் சட்டமும் அபராதமும் இருந்தன. சட்டத்துக்குப் பயந்து யாரும் வக்கடையை அடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. என் மனுசன் சைக்கிளை வாய்க்கால் கட்டில் சாத்திவிட்டு ஒரு சத்தம் போட்டால், பெரிய பெரிய வயல்காரப் போடியார்மாரே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மண் அள்ளிப் போடுவார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சத்தம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அதை அங்கேயே வைத்துவிட்டு வருவேன். வீட்டில் ஒரு ஆளின் சத்தத்துக்குத்தான் இடம் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சிறுபோகம். விதைத்துப் பயிர் நிமிர்ந்து நின்ற நேரம். வாய்க்கால் கட்டில் யாரையோ ஏசிக்கொண்டு நின்றவர் பாதி ஏச்சில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் கையில் பட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, பிரஷர் கூடிப்போய் இருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும், கோபப்படக் கூடாது என்றார்.

“ஆருக்குக் கோபம்?” என்று என் மனுசன் கேட்டது, மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசையாக நின்றவர்களுக்கும் கேட்டது. டொக்டர் குனிந்து குளிசை எழுதினார்.

சின்ன வெள்ளைக் குளிசை. அந்த நாளில் பிரஷர்காரர் பலருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். இப்போது அதை யாரும் எழுதுவதில்லையாம், ஆகவே பேரைச் சொல்லிப் பிரயோசனமில்லை. பழைய கடதாசியில் மடித்துத் தந்தார்கள். பிரஷரைக் குறைக்கும் என்றார்கள். வேறு எதையெல்லாம் குறைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டொக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்த காலம் அது.

முதலில் அவருக்கு மூக்கடைத்தது. பிறகு பகலில் தூக்கம் வந்தது. மத்தியான ளுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சரிந்தால் பின்னேரம் அஸருக்குத்தான் எழும்புவார். அதற்குப் பிறகு, ஒருநாள் சோறு அடிப்பிடித்துவிட்டது. நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தேன். அவர் சாப்பிட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “சோறு எப்பிடி?” என்று நானே கேட்டேன்.

“நல்லாத்தான் இரிக்கி,” என்றார்.

அதற்குப் பிறகு தேத்தண்ணீர் நன்றாக இருந்தது, செருப்பு நன்றாக இருந்தது, பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கையைத் தின்றுவிட்டுப் போனது. பிள்ளைகள் இரண்டும் அவர் காலடியிலேயே கட்டிப் புரண்டு சண்டை பிடித்தன. அவர் காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார். நான் இரண்டு றக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். கலியாணம் முடித்த பிறகு என் வீட்டில் சுவர்க்கடிகாரம் அடிப்பதை நான் அப்போதுதான் கேட்டேன்.

பக்கத்து வீட்டு ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“என்னகா, உங்கட வீட்டுல சத்தத்தையே காணல்ல. அவர் ஊரில இல்லையா?”

“இரிக்கார் ராத்தா. குளிசை போடுறார்.”

“பேரை எழுதித் தாங்க. எங்கட மனுசனுக்கும் வாங்க வேணும்.”

“அவருக்குப் பிரஷரா?”

“அவருக்கு என்னத்துக்கு வாற? எனக்குத்தான் இரிக்கி,” என்றார்.

வீட்டுக்குள் இப்படி இருக்க, வட்டையில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. தலைப்பு வயல்காரப் போடியார் ஒருவர் வக்கடையை வெட்டிக்கொண்டு நின்றபோது என் மனுசன் அந்த வழியால் போயிருக்கிறார். போடியார் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஏச்சு வாங்கத் தயாராக நின்றாராம். இவர் சைக்கிளை விட்டு இறங்காமலே, “பாத்து எடுங்க மச்சான்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொழுது படுவதற்குள் வட்டை முழுக்கக் கதை பரவிவிட்டது. அடுத்த முறைத் தண்ணீருக்குத் தலைப்பில் ஒரு வக்கடையாவது ஒழுங்கான அளவில் இருக்கவில்லை. ஆளுக்கு ஆள் பாத்துத்தான் எடுத்தார்கள்.

கடைசி வயல்கள் வெடிக்கத் தொடங்கின. அவற்றில் ஒன்று என் காக்காவுடையது. கூடப் பிறந்தவர், எனக்கு மூத்தவர், அந்த வயலைத் தவிர அவருக்கு வேறு வருமானம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இன்னும் இரண்டு கடைசி வயல்காரர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய பயிர் ஒரு பிடி. அதை என் மேசையில், பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களுக்கு மேலேயே வைத்தார். அவர் விதானையாரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

“தங்கச்சி, அந்தக் குளிசையைக் கொஞ்சம் நிப்பாட்டு.”

நான் என் காதை நம்பாமல் நின்றேன்.

“நாங்க ஒரேயடியா நிப்பாட்டச் சொல்லல்ல,” என்றார் மற்றவர், நியாயமான மனிதர். “கதிர் முத்துற வரைக்கும்தான். அறுத்ததுக்குப் பிறகு ரெண்டு ரெண்டாப் போடட்டும்.”

நான் முடியாது என்றேன். அவர்கள் பேரம் பேசினார்கள். பாதிக் குளிசை கொடுத்தால் என்ன என்றார்கள். அதற்கும் முடியாது என்றதும் மூன்றாவது ஆள் ஒரு யோசனை சொன்னார். தண்ணீர் முறை வருகிற நாளில் மட்டும் குளிசை இல்லை, மற்ற நாளெல்லாம் போடலாம், முறை அட்டவணையைத் தானே எழுதி என்னிடம் தருவதாகவும் சொன்னார். என் மனுசனின் இரத்தத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒரே கதவு என்று நினைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு வரும் சத்தம் அன்றைக்கு வீட்டுக்கு வந்தது. “உங்களுக்கு நெல்லு விளைய என்ட புள்ளையள் எத்தீமாகணுமா?” என்று கேட்டேன். தகப்பனில்லாப் பிள்ளைகள் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் மூன்று பேரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிட்டார்கள். காக்கா மட்டும் வாசலில் நின்று, “மச்சான் பழைய ஆளில்ல தங்கச்சி. குளிசைய விடு, ஆளைப் பார்,” என்றார். அவரையும் போகச் சொன்னேன்.

உள்ளே போனால் என் மனுசன் பாயில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“அவங்க சொல்றதிலயும் ஞாயம் இரிக்கி,” என்றார். “நான் மௌத்தானாலும் வட்டைக்கு ஒரு ஆள் வரும்தானே. அவன் நல்லாப் பாப்பான்.”

தன் சாவை அவர் சலிப்போடு சொல்லவில்லை. சந்தையில் மீன் விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் அதைத் தவக்குல் என்றே எடுத்துக்கொண்டேன். அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டுவிட்ட மனுசன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனாலும் காக்காவின் சொல் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அவருக்கு மருந்து எடுக்கப் போகிறேன் என்று சொல்லி டொக்டரிடம் தனியாகப் போனேன். கதிரையில் உட்கார்ந்து, “இந்தக் குளிசை போட்டதிலிருந்து என்ட மனுசனுக்குக் கோபம் வருகுதில்ல,” என்றேன்.

டொக்டர் எழுதிக்கொண்டே, “நல்லதுதானே டீச்சர்,” என்றார்.

“நல்லதுதான். ஆனா சிரிப்பும் வருகுதில்ல.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. வேறு என்ன என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தது. சாப்பாட்டில் ருசி கேட்பதில்லை. மகள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த தாளைக் கொடுத்தபோது வாங்கி அப்படியே கீழே வைத்தார். விடியச் சாமத்தில் எழும்பிக் கிணற்றுக் கட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். தஹஜ்ஜத் தொழ எழும்புகிறார் என்று நான் நினைத்தேன். தொழுததை நான் காணவில்லை. கடைசியாக வட்டைக்கு வேறு ஆள் வரும் என்று சொன்னதையும் சொன்னேன்.

டொக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“வீட்டில் பூச்சி மருந்து இருக்கிறதா?”

வயல்காரன் வீட்டில் பூச்சி மருந்து இல்லாமலா? நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போத்தல்கள் இருந்தன. ஏன் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் வீட்டுக்கு ஓட எழும்பினேன், டொக்டர் கையைக் காட்டி இருத்தினார்.

சில பேருக்கு இந்தக் குளிசை மனதையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும் என்றார். எல்லாருக்கும் இல்லை, சில பேருக்கு. வேறு குளிசை எழுதித் தந்தார். பழையது உடம்பை விட்டுப் போக நாளெடுக்கும், அதுவரை ஆளைத் தனியே விட வேண்டாம், நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் பஸ்ஸுக்கு நிற்காமல் வாடகைக் காரில் வீட்டுக்குப் போனேன்.

அவர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். போத்தல்களை உரப்பையில் கட்டி, அவர் மேல் ஒரு கண் வைக்கும்படி ராத்தாவிடம் சொல்லிவிட்டு நேரே காக்கா வீட்டுக்குப் போனேன். நான் துரத்திவிட்ட காக்கா. விசயத்தைச் சொன்னதும் அவர் பையை என் கையிலிருந்து வாங்கினார். பையின் வாயை இன்னொரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு, “வயல் போனா அடுத்த போகம் இரிக்கி,” என்றார்.

அடுத்த நாள் மனுசனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து காக்கா ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாட்டு விலை, கடலில் பிடிபட்ட மீன், மருதமுனையில் வாங்கிய சாரன் சாயம் விட்டது என்று எல்லாம் கதைத்தார். தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவருடைய வயல் காய்ந்துகொண்டிருந்தது. கடைசி வயல்காரர்கள் தாங்களே மம்பட்டியோடு தலைப்புக்குப் போய் அடிபிடிப்பட்டுக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது காக்காவின் வயலுக்கு வந்து சேரவில்லை. அவர் பயிருக்குள் மாட்டை அவிழ்த்து விட்டார்.

எனக்கோ வீட்டின் அமைதி பயமாகிவிட்டது. முன்பு நன்றி சொன்ன அதே அமைதி. கடிகாரம் அடிப்பதைக் கேட்கப் பிடிக்காமல் அதை நிறுத்தி வைத்தேன். சாமத்தில் பாயைத் தடவிப் பார்ப்பேன். ஒருநாள் வேண்டுமென்றே கறியில் உப்பை அள்ளிப் போட்டேன், பிரஷர்காரருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி போயிருந்தது.

புதுக் குளிசை தொடங்கி இரண்டாம் மாதம் என்று நினைக்கிறேன். சிறுபோக அறுவடை முடியும் நேரம். மத்தியானம் படுக்காமல் சைக்கிளை எடுத்தார். எங்கே என்று கேட்டேன். வட்டைக்கு என்றார். போனவருக்குப் பின்னால் காக்காவின் மகனை அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றேன்.

பொழுது படுகிற நேரம், மஃரிபுக்கு முன்னால் வந்தார். காலைக் கழுவவில்லை. சேற்றோடு உள்ளே வந்து குசினிப் படியில் உட்கார்ந்தார். ஏதோ ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“மச்சான்ட வயலப் பாத்தன்,” என்றார். “என்ட கண்ணுக்கு முன்னால காய விட்டுட்டன் புள்ள. ஒரு வக்கடையக்கூட அடைக்கல்லயே நான்.”

பிறகு அழுதார். கெட்டியான மனுசன், தன் வாப்பா மௌத்தான அன்றைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடக்கம் செய்யக் கபுறடிக்குப் போனவர், குசினிப் படியில் இருந்துகொண்டு சத்தம் போட்டு அழுதார். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா வேலையை விட்டுவிட்டு நின்றார். நான் என் மனுசனைத் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சேறு பிடித்த அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மகள் பயந்துபோய்க் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“உம்மா, வாப்பாக்கு என்ன?”

“ஒண்டுமில்ல மகள்,” என்றேன். “வாப்பாக்குச் சுகமாயிட்டு.”