உப்பு அளந்த டம்ளர்

கடலை மாஸ்டரும் அவருடைய மகளும் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரண வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரம் கழுவியது.

அவர் கடலை வறுக்கும் பாருக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் சல்லடை, கரண்டி, உப்பு டம்ளர் மூன்றையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். வாணலி மட்டும் வராது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மறுநாள் காலை அவர் தேய்ப்பார், மகள் அலசுவாள்.

அந்த பாரில் குடிக்க உட்காருகிறவர்கள் முன்னால், கிளாஸுக்கும் முந்தி வந்து உட்காருவது அவர் வறுத்த வேர்க்கடலை. சிவப்புத் தோலோடு இருக்கும். தோலின் மேல் உப்புத் தண்ணீர் காய்ந்த மெல்லிய வெள்ளைப் பூச்சு. இருபத்தாறு வருஷமாக அதே கடலை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மகளுக்கு, தராசுகளையும் அளவுக் குடுவைகளையும் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்தில் வேலை. கோணலாக ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. அன்றைக்கு உப்பு டம்ளர் கையில் வந்தது. பித்தளை. ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாற்போல உள்வாங்கியிருந்தது. அவர் சல்லடையைக் காயவைக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தார். சுத்தியலின் மரப்பிடியை டம்ளருக்குள் விட்டு நாலு தட்டு தட்டினாள். நெளிசல் போயிற்று. துடைத்துப் பைக்குள் போட்டாள். சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மாலை ஆறு மணிக்கு பாரில் ஒரு பரீட்சை இருந்தது.

பாக்கெட் கடலை விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் மூன்று வாரமாக முதலாளியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்பு வேண்டாம், ஆள் வேண்டாம், பிரித்துக் கொட்டினால் போதும் என்பது அவர் பாட்டு. முதலாளி இரண்டு மனதாக இருந்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேரை ஒரே மேஜையில் உட்காரவைத்து, நடுவில் இரண்டு பெரிய கிண்ணம் வைப்பது. எது முதலில் காலியாகிறதோ அது நாளையிலிருந்து.

மாஸ்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிவப்புத் தோலைப் பார்த்தாலே நம்முடையது என்று தெரிந்துவிடுமே, பழகிய கை அந்தப் பக்கம்தானே போகும் என்று மகளிடம் சொன்னார். ஆனாலும் திங்கட்கிழமை மூன்று தடவை போன் செய்தார். சோதனைக் கூடத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. அவள் எடுத்துப் பார்த்தபோது மணி ஐந்து.

தினமும் வேலை முடிந்து போகும்போது பாரின் பின்கதவில் அவள் எட்டிப் பார்ப்பாள். நாலு கடலையை உள்ளங்கையில் வைத்து, "எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்குப்பா" என்று மென்றுகொண்டே போய்விடுவாள். ஏழு மாதமாக இப்படி. வயசாக ஆகச் செல்லம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஐந்தே கால் மணிக்குப் போனாள். வாணலி இறங்கியிருந்தது. பெரிய தட்டில் கடலை ஆறிக்கொண்டிருந்தது. அவர் நாலை எடுத்து நீட்டினார். அவள் வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னம்மா?"

"உப்பு."

"உப்புன்னா? கம்மியா, ஜாஸ்தியா?"

மகள் அவரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் கடலை வறுத்த மனுஷன் கேட்கிற கேள்வி இல்லை அது. பக்கத்திலேயே தட்டு. கை நீட்டினால் கடலை. அவர் கடலையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்பிட்டுப் பாருங்கப்பா."

ஒன்றை எடுத்து மென்றார். அவள் முகத்தில் விடை வருகிறதா என்று மறுபடியும் பார்த்தார்.

"எப்பலேருந்து?" என்றாள்.

"அந்தக் காய்ச்சல் வந்துச்சில்ல, அதுலேருந்து. வாய்ல மண்ணைப் போட்டாலும் ஒண்ணுதான், கடலையைப் போட்டாலும் ஒண்ணுதான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ஒரு மெஷினைத் தூக்கிட்டு வருவே. முதலாளி பாக்கெட்டைத் தூக்கிட்டு வருவாரு." குரலைத் தணித்தார். "டம்ளர் இருக்கு, கை அளவு இருக்கு. எனக்கு நாக்கு எதுக்கு? ஒரு நாள்கூடத் தப்பினதில்லையே. இன்னைக்கு எப்படிம்மா?"

டம்ளர் உப்புச் சாக்கின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவள் பார்வை அதில் நின்றது.

"நான்தான்பா. நேத்து அந்த நெளிசலை எடுத்துட்டேன்."

அவர் டம்ளரை எடுத்து விரலால் சுற்றித் தடவினார். காலையிலிருந்து பரீட்சையே நினைப்பாக இருந்ததில் கை தானாக அள்ளியிருந்தது. கால் பங்காவது கூட விழுந்திருக்கும்.

"நாலு வயசுல மாடிப்படியில இதை உருட்டி விட்டே. அழுவியேன்னு திட்டாம எடுத்துட்டு வந்து உப்புக்கு வெச்சுக்கிட்டேன்" என்றார். "நெளிச்சவளும் நீதான், நிமித்தினவளும் நீதான்."

மறுபடி வறுக்கக் கடலை இல்லை; மூட்டை காலையில்தான் வரும். நேரமும் இல்லை. மகள் ஒரு கடலையை எடுத்து நசுக்கினாள். தோல் தனியாக, பருப்பு தனியாக வந்தது. பருப்பை மட்டும் மென்றாள்.

"உப்பு மேல்தோல்லதான் நிக்குது. உள்ள கொஞ்சமாத்தான் இறங்கியிருக்கு. தோலை எடுத்துட்டா சரியா இருக்கும்."

"தோலை எடுத்துட்டா என்னோடதுன்னு எவனுக்குத் தெரியும்? பாக்கெட்டுக்காரன் கடலையும் மொட்டைதான்."

"தோலோட வெச்சா ரெண்டாவது வாய் போட மாட்டாங்கப்பா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை. கொடியில் கிடந்த துண்டை உருவி அவளிடம் ஒரு முனையைக் கொடுத்தார்.

இரண்டு படி கடலையைத் துண்டில் கட்டி மேஜைமேல் உருட்டினார்கள். பிரித்துப் புடைத்தார்கள். மறுபடி கட்டினார்கள். சூடு இன்னும் போகவில்லை. அவள் உள்ளங்கை சிவந்தது. எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற பரிமாறுகிறவர் உள்ளே வந்து பறக்கிற தோலைப் பார்த்து நின்றார்.

"என்ன மாஸ்டர், கடலைக்கு முடி வெட்டா?"

"வாயை மூடிக்கிட்டு விசிறியை எடுடா."

"தலைக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, நானும் உக்காந்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நெட்டை விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முதலாளி பின்கட்டுக்கு வந்தார். கையில் கம்பெனிக்காரரின் கிண்ணம். தட்டைப் பார்த்தார்.

"இதென்ன புதுசா மொட்டை?"

"இன்னைக்கு இப்படித்தான் முதலாளி. தோல் இருந்தா ஆளைப் பார்த்து ஓட்டுப் போடற மாதிரி ஆயிடும்" என்றார் மாஸ்டர். மகள் கீழே குனிந்து தோலைக் கூட்டினாள்.

முதலாளிக்கு அது பிடித்திருந்தது. "அப்ப நீங்களே சொல்லுங்க. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு போட்டுப் பாருங்க. என்ன வித்தியாசம்?"

மகள் துடைப்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதலாளி அவளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றிருந்தார். அவள் முகம் அவருக்குத் தெரியாது.

மாஸ்டர் தன்னுடையதை எடுத்து மென்றார். பிறகு பாக்கெட் கடலையை எடுத்துப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நெட்டையின் விசிறி நின்றது. இன்னொன்றை எடுத்துப் போட்டார். இந்தத் தடவை முன்பல்லில் வைத்து மெல்லக் கடித்தார்.

"இது நமுத்துப் போச்சு முதலாளி. உள்ள சத்தமே இல்ல. நம்மளது உடையுது, இது நசுங்குது. கடிச்சுப் பாருங்க."

முதலாளி கடித்தார். இரண்டையும் கடித்தார். மாஸ்டர் கடலையையும் ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு, இரண்டு கிண்ணங்களோடும் உள்ளே போனார்.

அடுத்த முப்பது நிமிஷம் மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நெட்டை மூன்று தடவை செய்தி கொண்டுவந்தார். முதலில், ரெண்டும் சமம். பிறகு, பாக்கெட்தான் ஓடுது மாஸ்டர், முறைக்காதீங்க, நான் தின்னலை. அதற்கப்புறம் வெகுநேரம் வரவில்லை. மூன்றாம் தடவை கிண்ணத்தோடு வந்தார். கவிழ்த்துக் காட்டினார். அடியிலிருந்து ஒரு துகள்கூட விழவில்லை.

"யாரோடது?" என்றார் மாஸ்டர்.

"கிண்ணத்தை வழிச்சுத் தின்னுருக்கானுங்க. இன்னும் யாரோடதுன்னு கேளுங்க."

முதலாளி கதவில் தலையை நீட்டி, "சரி மாஸ்டர். நாளைக்குத் தோலோட போடுங்க, பழையபடி" என்றார். போய்விட்டார்.

நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். மகள் சொன்னாள்: "அளவுக் குடுவை ஒண்ணு கொண்டுவரேன். எத்தனை மில்லின்னு ஒரு தடவை பார்த்துட்டா, அப்புறம் டம்ளரே தேவையில்லை."

"நீ கைய வெச்சது போதும்மா."

"டாக்டர்கிட்ட போலாம்."

"போலாம் போலாம். முதல்ல டம்ளர். முக்குல பாத்திரம் ஒடுக்கெடுக்கறவர் இருக்காரே, ஒன்பது மணிக்குத் திறப்பாரு. ஒடுக்கு போடச் சொன்னா சிரிப்பாரு, சிரிக்கட்டும். அளவு என் விரலுக்குத் தெரியும். நாளைக்குக் காலைல போயிட்டு அப்படியே வேலைக்குப் போறேன்."

டம்ளரைப் பைக்குள் போட்டு, பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மகள் கையில் காபி இருந்தது. ஆம்புலன்ஸ் பதினெட்டு நிமிஷத்தில் வந்தது. இதயம் அப்போதே நின்றுவிட்டது என்றார்கள்.

பதினைந்தாம் நாள் முதலாளி போன் செய்தார். பாக்கெட் வாங்கவில்லையாம். நெட்டைதான் வறுக்கிறாராம், வறுவல் வருகிறது, உப்பு வரவில்லையாம். "மாஸ்டர் எவ்வளவு போடுவாரும்மா? உனக்குத் தெரியாம இருக்காதே."

அவள் பையைத் திறந்து டம்ளரை எடுத்தாள். நிமிர்ந்த டம்ளரை மறுநாளே கூடத்தில் அளந்துவிடலாம். நெளிந்த டம்ளரை யாரும் அளந்ததில்லை. எண்பது மில்லி இருக்கலாம். எழுபத்தைந்தாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்று அவள் இதுவரை எந்தச் சான்றிலும் எழுதியதில்லை. பித்தளையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

"பார்த்துச் சொல்றேன்" என்றாள்.

டம்ளரோடு பை மறுபடி ஆணியில் இருக்கிறது. பாத்திரக்காரர் கடை தினமும் ஒன்பது மணிக்குத் திறக்கிறது; எவ்வளவு நெளிக்க வேண்டும் என்று சொல்லத்தான் அந்த விரல் இல்லை.