கையைக் கட்டிக்கொண்ட ஞானதாஸ்

ஞானதாஸ் என்ற பெயரை ஐரின் முதன்முதலில் கேட்டது, சாணார்பட்டிப் பக்கம் அவள் அப்பா தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்த அன்றைக்கு. கத்தரிச் செடியெல்லாம் துவண்டு கிடந்தது. பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்காளைக் கட்டியவர், “ஞானதாஸக் கூப்பிடுங்கப்பா, இன்னைக்கே ஓட விட்ருவான்” என்றார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் விழுந்தது. மறு வருஷம் வைகாசியில் அவனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

இருபது வருஷம் திண்டுக்கல்லில், எரிந்த மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் ‘காயில்’ கட்டினான். பிறகு இடுப்பு விட்டுப்போனது. இனி மோட்டார் தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். படித்த ஐ.டி.ஐ. சான்றிதழ் பெட்டியில் இருந்தது. அதை வைத்து ஐ.டி.ஐ. வாத்தியார் பயிற்சியில் சேர்ந்தான். மாதிரி வகுப்பு எடுத்துத் தேறினால்தான் வேலை.

முதல் மாதிரி வகுப்பில், காயில் போடும் குழி ஒன்றில், கம்பி இரும்பில் பட்டு எரியாமல் காக்கும் தாளை வைக்காமலே கம்பியை இறக்கப் போனாள் கீர்த்தனா என்ற மாணவி. ஞானதாஸ் வெடுக்கென்று பிடுங்கித் தானே கட்டி முடித்துவிட்டான்.

பயிற்சி கொடுக்கும் பர்ஹானாவுக்கு அவனைவிடப் பதினைந்து வயது குறைவு. “வேலை அருமைண்ணே. ஆனா செஞ்சது நீங்க. பிள்ளைக்கு என்ன வந்துச்சு? நம்ம வேலையில பிள்ளை கையில இருக்குறத வாத்தியார் பிடுங்கக் கூடாதுண்ணே. இன்னும் ஒரு தடவைதான் தர முடியும்” என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஐரின் சிரித்தாள். “தாலி கட்டயில உங்க அக்காளுக்குன்னு ஒரு முடிச்சு விட்டீகளா? மூணையும் நீங்களே போட்டீகள்ல!”

மறுநாள் எரிந்துபோன மோட்டார் ஒன்றை நடுவீட்டில் வைத்து, துண்டால் அவன் கையைப் பின்னால் கட்டினாள். “இப்பச் சொல்லிக் குடுங்க பாப்பம்” என்று தானே கம்பியை எடுத்து ஒரு குழியில் இறக்கினாள்.

“ஏய், அதுல இல்லடி!”

“எதுல இல்ல? வாயத் தொறந்து சொல்லுங்க.”

எட்டு நாள் கத்தினான். ஒன்பதாம் நாள்தான் கேள்வி கேட்கப் பழகினான்: “ஏன் அந்தக் குழியில போட்ட?” ஐரின் யோசித்தாள், தானே பிரித்தாள்.

இரண்டாவது வகுப்பிலும் கீர்த்தனா ஒரு குழியைத் தாளில்லாமல் விட்டாள். ஞானதாஸ் ஓரடி முன்னால் வைத்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, “கம்பி இறக்குமுன்ன எல்லாக் குழியையும் விரலால தடவிப் பாரும்மா” என்றான். அவள் தடவினாள். நான்காவது குழியில் விரல் நின்றது. “சார், தாள் வைக்கல!” தாள் வைத்துக் கட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. காயில் பாதிதான் ஆகியிருந்தது. இருந்தும் பர்ஹானா தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஞானதாஸ் இப்போது ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் பிரிவு ஆசிரியராக இருக்கிறான்.