திரையில் அறுபது டிகிரி

பூங்குழலி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டெனன்ஸ் வேலை பார்த்தாள். அவள் கணவன் இளங்கோ அங்கேயே சாய மிஷின் ஓட்டினான்.

2006-இல் எல்லா மிஷின்களையும் ஒரே கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். கம்ப்யூட்டர் மாஸ்டர், மிஷின்களில் இருந்த கருவிகள் ஸ்லேவ். மாஸ்டர் கேட்டால்தான் ஸ்லேவ் தன் மிஷினுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லும். கேள்வியும் பதிலும் ஒரே ஜோடிக் கம்பியில் போவதால், கேட்டு முடித்ததும் மாஸ்டர் கம்பியை விட்டுவிட வேண்டும். அப்படி விடச் சொல்ல ஒரு சிக்னல் உண்டு.

உறவுக்காரர் கல்யாணத்துக்காக அவள் மடத்துக்குளம் போயிருந்தபோது, சர்வீஸ் ஆட்கள் வந்து கம்பியைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும் பெட்டியை மாற்றிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, நிறம் பார்க்கத் துணி வெட்டியெடுக்க இளங்கோ மூடியைத் திறந்தான். கொதிநீர் சீறி அவன்மேல் கொட்டியது.

ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடிவந்தபோது அவனுக்குப் பேச்சிருந்தது.

"அறுபதுன்னுதான் காட்டுச்சு குழலி. பாத்துட்டுத்தான் தொறந்தேன்."

சாயங்காலம் உயிர் பிரிந்தது.

"பாக்காம அவசரப்பட்டுட்டாருங்கம்மா" என்றார் மேனேஜர் மயில்சாமி. காரியம் முடிந்ததும் அவள் பட்டறைக்குப் போய், நிறுத்திவைத்திருந்த அந்த மிஷினை ஓட்டிப் பார்த்தாள். புதுப்பெட்டி கம்பியைத் தாமதமாக விட்டது. கேள்வி முடிந்தும் மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, ஸ்லேவ் தொடங்கிய பதிலின் முன்பகுதி சிதைந்தது. சிதைந்த பதிலைத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் கடைசியாக ஒழுங்காக வந்த பழைய எண்ணையே திரையில் வைத்திருந்தது. உள்ளே சூடு ஏற ஏற, திரையில் அறுபது அப்படியே நின்றது.

அவள் கூப்பிட்டுக் காட்டியதும் மயில்சாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "தப்பாப் பேசிப்போட்டேனுங்க."

வீட்டில் மாமியார் கருப்பாத்தாள் கேட்டாள். "எம்பட பையன் மேல தப்பில்லையா கண்ணு?"

"இல்லீங்க அத்தை. பொட்டி கம்பிய விடறதுக்குக் கொஞ்சம் நேரமாயிருச்சுங்க."

"எத்தன நேரம்?"

"கண்ணு சிமிட்டற நேரங்கூட இல்லீங்க."

"அதுக்கா போயிட்டான்?" என்றாள் கிழவி.

மறுநாள் பெட்டியைச் சரிசெய்து, தண்ணீரின் சூட்டைத் தனியாக அளந்து திரையோடு ஒப்பிட்டாள். புது ஆபரேட்டர் மூடியைத் திறக்கும்போது பக்கத்திலேயே நின்றாள். லேசான ஆவி எழுந்தது.

"கலர் சரியா வந்திருச்சுங்க்கா" என்றான் அவன்.

தலையசைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.