ஏப்பம் விட முடியாத மாடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பசுமாடு படுத்துக் கிடந்தது. டெல்லியில் இது ஒரு செய்தியா? இல்லைதான். ஆனால் இதன் இடப்பக்க வயிறு காற்றடித்த லாரி டியூப் மாதிரி உப்பியிருந்தது. நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது.

மாடி வீட்டுச் சங்கரனைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிக்காரர். ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கொஞ்ச நாளாக அவருக்கு மாடுதான் வேலை... நம் நாட்டு மாடுகள் எவ்வளவு மீத்தேன் விடுகின்றன என்று வெளிநாட்டு மாநாட்டுக்கு நோட் தயாரிக்கிறார். தின்ற தீனி வயிற்றில் நொதிக்கும்போது அந்த வாயு உண்டாகிறதாம். ஏப்பமாக வெளியேறி பூமியைச் சூடாக்குகிறதாம். "மாடு ஏப்பம் விட்டால் உலகம் அழிஞ்சிடுமா சார்?" என்று நான் அவரைச் சீண்டாத நாளில்லை.

சங்கரன் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ஏப்பம் விட முடியாமல்லா கெடக்கு!"

மாட்டு டாக்டரை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் வயிற்றில் ஒரு தடித்த ஊசியைக் குத்தினார். புஸ்ஸென்று வாயு வெளியேறியது. மாடு தலையைத் தூக்கியது. எல்லோரும் கைதட்டினோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"உள்ளே முழுக்க பிளாஸ்டிக். ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். மாலிக் கோன் ஹை?" என்று சொந்தக்காரரைக் கேட்டார்.

பிளாஸ்டிக் எப்படிப் போனது? வேறெப்படி... எங்கள் பக்திதான். இங்கே வீட்டில் சுடுகிற முதல் ரொட்டி பசுவுக்கு. நம் தமிழ்க்காரர்களும் பழகிக்கொண்டார்கள். ஆனால் மாடியிலிருந்து யார் இறங்குவது? ரொட்டியையும் காய்கறித் தோலையும் பாலிதீன் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, மேலிருந்தே வீசுகிறோம். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்கு விரல் ஏது?

சொந்தக்காரர் வந்தார். தினமும் இதே மாட்டைக் கறந்து எங்களுக்குப் பால் ஊற்றுகிற பால்கார பையாதான். தெருவில் மாட்டை விட்டால் அபராதம். கூட்டத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"மேரி நஹீ, சாப்."

என்னுடையது இல்லையாம். அவர் குரல் கேட்டதும் மாடு காதைத் திருப்பியது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை.

"டாக்டர் சாப், நாங்க கையெழுத்துப் போடுதோம். ஜல்தி பண்ணுங்க!" பதற்றத்தில் சங்கரனுக்குத் தமிழே வந்தது. பிறகு இந்தியில் கெஞ்சினார். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். யாருடைய மாடு என்றே தெரியாமல் கத்தி வைத்து, நாளைக்கு டாக்டர்தான் பசுவைக் கொன்றார் என்று கூட்டம் கிளம்பினால்? அவர் பயமும் நியாயம்தானே!

மத்தியானம் மாடு செத்துப்போனது.

அதன்பின் பார்க்கணுமே... மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை, ஊதுபத்தி! உயிரோடு கிடந்த வரை கேட்பாரில்லை. இப்போது பிளாக்கே 'கோமாதா' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. பையாவும் ஒரு மாலை போட்டார். முனிசிபாலிட்டி லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

திருந்துவோமா? எனக்கு நம்பிக்கையில்லை. பூமியைப் பற்றி மாநாட்டில் பேசலாம். மாடிப்படி இறங்க எங்களால் முடியாது.

மீத்தேனைக் குறைக்க இந்தியா என்ன செய்தது என்று யாராவது கேட்டால், ஒரு மாட்டளவு குறைத்துவிட்டோம் என்று தாராளமாகச் சொல்லலாம்!